ஐ.டி.ஐ.யா, காலேஜா? வாசகர் கேள்விகளும் ஒரு பழைய ஃபிட்டரின் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பஞ்சாயத்து நடக்கும் நேரம் இது. புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி நாலு வரி: 1977-ல் பழைய எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில், இரும்புப் பாகங்களை ராவிப் பொருத்தும் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தேன். அப்பா மில் தொழிலாளி. கோவையில் பம்ப் பட்டறைகளில் சில வருடம், கூடவே மாலை நேரப் பாலிடெக்னிக், பிறகு கிண்டி சி.டி.ஐ.யில் (மத்தியப் பயிற்சி நிலையம்) பயிற்றுநர் பயிற்சி. அதன்பின் 2019-ல் ஓய்வு பெறும் வரை அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். என் பதில்கள் அந்தப் பட்டறைக்குள் நின்று பார்த்தவன் சொல்பவை.

கேள்வி: என் மகன் பத்தாவதில் 500-க்கு 318. கணக்கில் 47. மிக்ஸி, மோட்டார் எது கிடைத்தாலும் கழற்றிப் பார்ப்பான். ஐ.டி.ஐ. சேர்கிறேன் என்கிறான். அவன் அப்பா, கடன் வாங்கியாவது இன்ஜினீயர் ஆக்குவேன் என்கிறார். என் நாத்தனார், "ஐ.டி.ஐ. பையனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று கேட்கிறார். நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு தாய், பொள்ளாச்சி

அம்மா, முதலில் ஒன்று கேட்கிறேன். மிக்ஸியைக் கழற்றுகிறான், சரி. திரும்பப் பூட்டுகிறானா? பூட்டிய பிறகு அது ஓடுகிறதா? கழற்றுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும் ஆசை. எந்த ஸ்க்ரூ எங்கே இருந்தது என்று வரிசையாக எடுத்துவைத்து, ஓடும் வரை விடாமல் உட்காருகிறவன் வேறு ரகம். உங்கள் மகன் அந்த ரகமா என்று நீங்கள்தான் பக்கத்தில் இருந்து பார்க்க முடியும்.

ஃபிட்டர் சேர்ந்தால் முதல் சில வாரம் மிஷின் பக்கமே விடமாட்டோம். ஒரு இரும்புத் தகடு, ஒரு ஹேக்சா, ஒரு அரம். வைஸ் என்கிற இறுக்கிப் பிடிக்கும் கருவியில் கடித்துவைத்து ராவிக்கொண்டே இருக்க வேண்டும். ராவிய பக்கத்தில், செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்போம். நடுவில் ஒரு முடி அளவு வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி ராவ வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும். "என்ன சார், ரெண்டு வாரமா ஒரே தகட்டத் தேய்க்கச் சொல்றீங்க?" என்று கேட்காத பையன் கிடையாது. அந்த வாரங்களில்தான் சிலர் நின்றுவிடுவார்கள். தாண்டியவனுக்கு வெர்னியர் அளவுகோலில் 0.02 மில்லிமீட்டர் என்பது புத்தக எண்ணாக இராது, கையிலேயே தெரியும். இதை மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மிஷின் ஆசையில் வருகிறவன் அரத்தைக் கண்டு மிரளக்கூடாது.

கணக்கில் 47 என்பதை வைத்து நீங்களும் பயப்பட வேண்டாம், அவனும் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஃபிட்டருக்கும் கணக்கு உண்டு. டேப்பர் (சரிவு) கோணம் போட சைன், டேன் தெரிய வேண்டும். ஆனால் இரும்பில் கோடு போட்டுப் பார்த்தபின் அதே கணக்குப் புரிந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த மதிப்பெண்ணோடு கட்டாயத்தில் கணக்குப் பிரிவெடுத்து, கடன் வாங்கி, ஏதோ ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் முதல் வருடமே எம்-1, எம்-2 கணக்குப் பாட அரியரில் மாட்டினால், கடன் மட்டும் உங்கள் வீட்டில் நிற்கும்.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு கணக்கைக் காட்டுங்கள். பத்தாவது முடிக்கும்போது பையனுக்கு 15 வயது என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ, பிறகு நாலு வருடம் பி.இ. என்றால் 21-ல் முடிப்பான். ஐ.டி.ஐ. ஃபிட்டர் இரண்டு வருடம், 17. அதை வைத்து பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், 19. டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், 22. வித்தியாசம் ஒரே ஒரு வருடம். அந்த ஒரு வருடத்துக்குப் பதிலாக, வழியில் எந்த இடத்தில் நின்றுவிட்டாலும் கையில் ஒரு தொழிலும் சான்றிதழும் இருக்கும். பி.இ. மூன்றாம் வருடத்தில் நின்றுபோகிற பையனின் கையில் என்ன இருக்கிறது என்று அவரையே கேளுங்கள். அவர் விரும்பும் இன்ஜினீயர் பட்டத்துக்கு இந்த வழியும் போகிறது.

செலவைப் பொறுத்தவரை, அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம், பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். ஐ.டி.ஐ.க்கும் அது உண்டு என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

சேர்ப்பதற்கு முன் நீங்களும் அவரும் ஒரு நாள் போய்ப் பட்டறையைப் பாருங்கள். தனியார் ஐ.டி.ஐ. என்றால் கட்டாயம் பாருங்கள். சுவரில் பெயின்ட் எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள். கடைசல் மிஷினான லேத்துக்கு அடியில் குனிந்து பாருங்கள். புதுசாக இரும்புச் சீவல் கிடந்தால் அங்கே வேலை நடக்கிறது. தூசியும் சிலந்தி வலையும் இருந்தால், கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பஸ் ஏறுங்கள். வைஸ் எத்தனை, பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஃபிட்டரில் ஒரு வகுப்புக்கு 20 பேர். இருபது பேர் ராவும்போது பயிற்றுநர் நாற்காலியில் இருக்கிறாரா, பையன்களின் கையைப் பிடித்துத் திருத்துகிறாரா? அதைப் பார்த்தால் மீதி எல்லாம் விளங்கிவிடும்.

நாத்தனார் கேட்டதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். நம் கொங்குப் பக்கத்தில் ஜாதகத்தோடு "என்ன படிப்பு?" என்று முதலில் கேட்கிறார்கள், அது உண்மை. ஆனால் 15 வயதுப் பையனின் படிப்பை அவனுடைய 28 வயதுக் கல்யாணத்துக்காகத் தீர்மானிப்பது அவனுக்குச் செய்யும் அநியாயம். நீங்கள் உங்கள் மகன் பக்கம் நில்லுங்கள். மிக்ஸி ஓடினால்.

கேள்வி: பி.ஏ. முடித்து இரண்டு வருடமாகச் சும்மா இருக்கிறேன். வயது 24. பட்டதாரி இளைஞர்களில் 29.1 சதவீதம் பேருக்கு வேலையில்லை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களில் 3.4 சதவீதம்தான் என்று படித்தேன். அப்படியானால் நான் படித்ததே வீணா? இனி ஐ.டி.ஐ. சேர முடியுமா?
– பட்டதாரி, திருநெல்வேலி

தம்பி, அந்த எண்கள் இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை 2024-ல் வந்தவை, 2022-ஆம் ஆண்டுக்கானவை. சரியான எண்கள்தான். அவற்றைத் தப்பாகப் படிக்கிறாய். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞனுக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. வேலையில்லாமல் ஒரு வாரம் வீட்டில் இருக்க அவனால் முடியாது. சித்தாள் வேலையோ, மூட்டை தூக்குவதோ, அன்றைக்குக் கிடைத்ததைச் செய்கிறான், கணக்கில் "வேலையில் இருப்பவன்" ஆகிவிடுகிறான். உனக்கு இரண்டு வருடம் சோறு போட வீட்டில் ஆள் இருந்தது, நீ காத்திருந்தாய். படிப்பு வீண் என்று அந்த எண் சொல்லவில்லை. படித்தவனுக்கு ஏற்ற வேலை நாட்டில் போதவில்லை என்றுதான் சொல்கிறது. அந்தக் குற்றத்தை உன் தலையில் போட்டுக்கொள்ளாதே.

பட்டத்துக்கு உள்ள மதிப்பையும் மறக்காதே. குரூப் 2, வங்கி அதிகாரி தேர்வு, யு.பி.எஸ்.சி. எல்லாவற்றுக்கும் அது நுழைவுச் சீட்டு. அதற்குத் தயாராகிறாய் என்றால் முழு மனதோடு தயாராகு, ஒரு கெடு வைத்துக்கொள். எதற்கும் தயாராகாமல் "தயாராகிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லும் இரண்டு வருடம்தான் ஆளைத் தின்றுவிடும்.

ஐ.டி.ஐ. சேரலாம். நம் மாநிலத்தில் ஆண்களுக்கு 40 வயது வரை இடமுண்டு. என் வகுப்பில் பி.காம். முடித்த ஒருவன் 17 வயதுப் பையன்களோடு நின்று ராவினான். முதல் மாதம் தலைகுனிந்தே இருப்பான். பிறகு அவன்தான் மற்றவர்களுக்கு ஆங்கில டிராயிங்கைப் படித்துச் சொன்னான். இப்போது ஒரு வால்வு கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிறான். ரிப்போர்ட் எழுதத் தெரிந்த, மைக்ரோமீட்டரும் பிடிக்கத் தெரிந்த ஆள் பட்டறைகளில் குறைவு.

கேள்வி: ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்து மூன்று வருடம். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் 11 மாதம் ட்ரெயினி, அனுப்பிவிட்டார்கள். இப்போது இன்னொன்றில் ட்ரெயினி. லைனில் நின்று ஒரே இடத்தில் நாலு போல்ட் முடுக்குகிறேன். கையில் 15,500. ஒரு ரூமில் ஆறு பேர். நீங்கள் ஐ.டி.ஐ. படி என்று எழுதுவதைப் படித்தால் எரிச்சலாக இருக்கிறது.
– ஃபிட்டர், ஸ்ரீபெரும்புதூர்

எரிச்சல் நியாயமானது தம்பி. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டு வருடம் ராவி, வி-பிளாக் செய்து, ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் ஆண்-பெண் ஃபிட்டிங் பொருத்திப் பழகிய கையை நாலு போல்ட்டுக்கு நிறுத்துவது, அந்தத் தொழிலுக்கே செய்யும் அவமரியாதை. இதை நான் எழுதாமல் விட்டால் என் மற்ற பதில்கள் எல்லாம் பாதிப் பொய்.

முதலில் ஒன்றைப் பார். "ட்ரெயினி" என்று உன் அட்டையில் போட்டிருப்பதால் நீ அப்ரென்டிஸ் (தொழில் பழகுநர்) ஆகிவிடமாட்டாய். 1961-ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டப்படி சேர்ந்திருந்தால் உன் பெயரில் ஒப்பந்தம் பதிவாகியிருக்கும், முடிவில் தேர்வு உண்டு, தேசிய அப்ரென்டிஸ் சான்றிதழ் உண்டு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரென்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். இது எதுவும் இல்லாமல் உற்பத்தி லைனில் நிற்கிறாய் என்றால், நீ பயிற்சி என்ற பெயரில் வேலை செய்யும் தொழிலாளி. அப்படியென்றால் சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு இருக்கிறதா என்று பார். ரூமில் இருக்கும் மற்ற ஐந்து பேரையும் பார்க்கச் சொல். கேட்க வேண்டியதை ஆறு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

அடுத்தது, உன் கையைக் காப்பாற்று. நான் அப்ரென்டிஸாக இருந்த பட்டறையில் முதல் நாலு மாதம் ட்ரில் பிட் தீட்டும் வேலை மட்டும் கொடுத்தார்கள். முனைக் கோணம் 118 டிகிரி, இரண்டு உதடும் ஒரே நீளம். ஒரு பக்கம் கொஞ்சம் நீண்டால் ஓட்டை பெரிதாகிவிடும். மேஸ்திரி என் பிட்டை எடுத்துப் பார்ப்பார், ஒன்றும் பேசாமல் மறுபடி கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். அந்த நாலு மாதமும் உன் நாலு போல்ட் மாதிரியே ஒரே வேலைதான். ஆனால் என் தப்பைப் பார்த்துத் திரும்பவைக்க ஒரு ஆள் இருந்தார். உனக்கு அந்த ஆள் இல்லை. மூன்று வருடத்தில் ஒருமுறைகூட ஒருவரும் உன் வேலையைத் திருத்தியிருக்கமாட்டார், திருத்த அங்கே ஒன்றுமில்லை.

அதனால் சம்பளம் இரண்டாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு டூல் ரூமிலோ மெயின்டனன்ஸ் பிரிவிலோ நுழையப் பார். அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவைக் குறிச்சி, கணபதிப் பக்கமும் இருபது முப்பது பேர் வைத்து நடத்தும் பட்டறைகளில் ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மிஷினில் பட்டனை அமுக்கும் ஆபரேட்டராக நின்றுவிடாதே. டூலின் அளவைத் திருத்தும் ஆஃப்செட் போட்டு, டூல் மாற்றி, முதல் பீஸை அளந்து கொடுக்கும் செட்டர் ஆக வேண்டும் என்று குறியாக இரு. ஹைட்ராலிக்ஸ், மிஷினை இயக்கும் கன்ட்ரோலரான பி.எல்.சி. தெரிந்த ஃபிட்டரை அனுப்பிவிடக் கம்பெனிக்காரர்கள் யோசிப்பார்கள். லைன் நின்றால் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்குப் பணம். 2023 முதல் சுமார் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ, சி.என்.சி. எல்லாம் வைத்துப் புதிய தொழில்நுட்ப மையங்கள் வந்திருக்கின்றன. அங்கே குறுகிய காலப் பயிற்சிகளும் உண்டு. நீ படித்த ஐ.டி.ஐ.க்கே போய்க் கேள், பழைய மாணவனை யாரும் விரட்டமாட்டார்கள். ரயில்வே உதவி லோகோ பைலட் அறிவிப்பு வந்தால் விடாதே, அதற்கு உன் ஃபிட்டர் சான்றிதழ் செல்லும், வெறும் பி.ஏ. செல்லாது.

இன்னும் ஒரு மூன்று வருடம் அந்த லைனிலேயே போய்விட்டால் உன்னிடம் இருப்பது பழைய சான்றிதழ் மட்டும்தான். இந்த வருடமே நகர்ந்துவிடு.

கேள்வி: என் மகள் எலெக்ட்ரீஷியன் டிரேடு படிக்க வேண்டும் என்கிறாள். பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

சரிப்படும் ஐயா. நான் பார்த்த வரை, வயரிங் போர்டில் பெண் பிள்ளைகளின் வேலை சுத்தமாக இருக்கும். பேனல் போர்டு அசெம்ப்ளி, மோட்டார் வைண்டிங், டெஸ்டிங் என்று கோவையில் பெண்கள் நிறையப் பேர் செய்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவி என்றால் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும். பெண்களுக்கு உச்ச வயது வரம்பும் இல்லை. அதனால் படிக்க ஆசைப்பட்டு நின்றுபோன அவள் அம்மாகூடச் சேரலாம். போகும்போது ஒன்று மட்டும் விசாரியுங்கள்: பட்டறைப் பக்கத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை பூட்டாமல் இருக்கிறதா? அது சரியில்லாமல் படிப்பை நிறுத்திய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கேள்வி: நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறீர்கள். ஆனால் ஐ.டி.ஐ.க்குப் போவது யார் வீட்டுப் பிள்ளைகள்? வசதியானவன் பிள்ளைக்குப் பட்டம், ஏழைப் பிள்ளைக்கு அரம். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை இந்த மாநிலம் எதிர்த்து விரட்டியது. அதையே வேறு பெயரில் உங்கள் பத்தியில் படிக்கிறேன்.
– ஓய்வுபெற்ற பேராசிரியர், தஞ்சாவூர்

ஐயா, இந்தக் கடிதத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

அந்தத் திட்டத்தில் பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில். சலவைக்காரர் மகன் துறைக்கு, குயவர் மகன் சக்கரத்துக்கு. காமராஜர் 1954-ல் முதலமைச்சரானதும் அது போனது. போனது நல்லது. என் அப்பாவின் அப்பா ஒரு பண்ணையில் மாடு மேய்த்தவர். அந்தத் திட்டப்படி பார்த்தால் நானும் மாட்டின் பின்னால்தான் போயிருக்க வேண்டும். என்னை அங்கிருந்து வெளியே கொண்டுவந்தது அரமும் லேத்தும்தான். ஃபிட்டர் வேலை எந்தச் சாதியின் தொழிலும் இல்லை. என் வகுப்பில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் வைஸ் பிடித்து நின்றார்கள். முன்னால் அவர்களுடைய தாத்தாக்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்க முடியாது. இந்த வித்தியாசத்தை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

ஆனால் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டீர்களே, அங்கே எனக்குப் பதில் இல்லை. நான் சொல்லிக்கொடுத்த வருடங்களில் டாக்டர் மகன் ஒருவனோ, வக்கீல் மகள் ஒருத்தியோகூட என் பட்டறைக்கு வந்ததில்லை. ஏன், என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் மகன் பத்தாவது முடித்தபோது அவனுக்கும் இரும்பில்தான் ஆசை. எத்தனையோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "பையனை ஐ.டி.ஐ.யில் விடுங்க" என்று பேசிய நான், என் வீட்டில் பேசவில்லை. அவன் அம்மா அழுதாள். எனக்கும் உள்ளூர அந்தப் பட்டத்தின் மேல் ஆசை இருந்தது. இன்ஜினீயரிங் சேர்த்தேன். முடித்து இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தான். பிறகு ஒரு வால்வு கம்பெனியில் ட்ரெயினியாகச் சேர்ந்தான். அங்கே அவனுக்கு மிஷின் ப்ரோக்ராம் சொல்லிக்கொடுத்தவர் லேத் வேலை படித்த ஒரு ஐ.டி.ஐ. டர்னர். இப்போது என் மகன் டிசைன் பிரிவில் இருக்கிறான். சொல்லிக்கொடுத்தவர் அதே மிஷினில் இருக்கிறார். திறமை அவரிடம் குறைவில்லை, பட்டம்தான் இல்லை. அந்த மனிதரை ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது எனக்கு நிமிர்ந்து பேச முடியவில்லை.

ஆகவே உங்கள் கோபத்தில் பாதி என்னுடையதும்தான். பிள்ளைகள் ஐ.டி.ஐ. போகக் கூடாது என்று அந்தக் கோபம் முடிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போனவர்களுக்கு மேலே ஏறும் படி உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்போம். பத்தாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. படித்தவன், பிளஸ் டூ தமிழ், ஆங்கிலத் தேர்வு இரண்டை மட்டும் எழுதித் தேறினால் அது பிளஸ் டூவுக்குச் சமம் என்று நம் அரசு வைத்திருக்கிறது. அதை வைத்துப் பட்டப் படிப்புக்குப் போகலாம், பட்டம் கேட்கும் தேர்வுகளைப் பிறகு எழுதலாம். அந்தப் படி இருக்கிறது. ஆனால் ஐ.டி.ஐ.க்குள் தமிழும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. இருபது பேரில் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று இப்போதைய பயிற்றுநர் ஒருவரிடம் கேட்டேன். "மூணு பேர் சார், அதுலயும் இங்கிலீஷ்ல ஒருத்தன்தான் தேறினான்" என்றார்.

நீங்கள் முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் பாடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தஞ்சாவூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் போய் அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடம் எடுக்க முடியுமா ஐயா? அந்த ஐ.டி.ஐ. முதல்வரிடம் நான் பேசுகிறேன். கோவையில் தமிழ்ப் பாடத்தை நான் எடுக்கிறேன்.